மரத்திலேயே ஓர் உயர்சக்தி ராக்கெட்: குழாய் சுருட்டுவதிலிருந்து ஏவுவது வரை

இங்கே செய்யப்போகும் ராக்கெட்டின் நீளம் 148 செ.மீ., வெளிவிட்டம் 92 மி.மீ., மோட்டாரோடு எடை சுமார் 1.7 கிலோ. உடல் குழாய், துடுப்புகள், மூக்கு எல்லாமே மரம். நல்ல வானிலையில் 400 முதல் 500 மீட்டர் வரை ஏறி, பாராசூட்டில் இறங்கி, மறுபடியும் பறக்கத் தயாராக இருக்கும்.

மாதிரி ராக்கெட் மோட்டார்களை ஆங்கில எழுத்து வரிசையில் வகைப்படுத்துகிறார்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் மொத்த உந்தத்தின் (சராசரி உந்துவிசையை எரியும் நேரத்தால் பெருக்கிய அளவு) உச்ச வரம்பு இரட்டிப்பாகும். ஜி வரை சாதாரண மாதிரி ராக்கெட். 160 நியூட்டன்-விநாடியைத் தாண்டினால் எச், அங்கிருந்துதான் உயர்சக்தி. அமெரிக்காவில் இந்த மோட்டார்களைப் பறக்கவிட, 1957-இல் தொடங்கிய தேசிய ராக்கெட்ரி சங்கம் அல்லது ட்ரிபோலி சங்கத்தின் சான்று வேண்டும். முதல்நிலைச் சான்றுக்கு எச் அல்லது ஐ மோட்டார் ஒன்றில் நீங்களே கட்டிய ராக்கெட்டைச் சங்கத்தினர் முன்னிலையில் ஏவி, சேதமில்லாமல் மீட்டுக் காட்ட வேண்டும். வயது 18 நிறைந்திருக்க வேண்டும். கீழே உள்ள அளவுகள் அந்த முயற்சியை மனத்தில் வைத்தே தரப்பட்டுள்ளன.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: மோட்டாரை வீட்டில் செய்யாதீர்கள். சான்றளிக்கப்பட்ட, தொழிற்சாலையில் செய்த மோட்டாரை மட்டுமே பயன்படுத்துங்கள்.

வாங்க வேண்டியவை

0.8 மி.மீ. பிர்ச் பிளைவுட், 305 × 1220 மி.மீ. அளவில் இரண்டு தாள். 6 மி.மீ. பிர்ச் பிளைவுட், 30 × 60 செ.மீ. துண்டு ஒன்று. மூக்குக்குப் பால்சா கட்டை. 38 மி.மீ. மோட்டார் குழாய் 30 செ.மீ. (இது மட்டும் தடித்த அட்டை, சூடு படும் இடத்தில் அதுதான் பழகிய பொருள்). மோட்டாரைப் பிடிக்கும் திருகு மூடி, மெதுவாக இறுகும் எபாக்ஸி (இரண்டு பகுதிகளைக் கலந்து பூசும் வலுவான பசை), அரை மணி நேர எபாக்ஸி, 120 செ.மீ. பாராசூட், மூக்கையும் பாராசூட்டையும் உடலோடு இணைக்க 6 மீட்டர் கெவ்லார் பட்டை (வலுவான செயற்கை இழை), 40 செ.மீ. சதுர நோமெக்ஸ் துணி (சூட்டைத் தாங்கும் துணி), தண்டவாளப் பொத்தான் இரண்டு (ஏவும்போது ராக்கெட்டை நேராக வழிநடத்தும் ஏவுதண்டவாளத்தில் மாட்டி ஓடுபவை).

பிர்ச் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கட்டுமானக் கடையில் கிடைக்கும் சாதாரண பிளைவுட்டில் உள் அடுக்குகளுக்கு நடுவே வெற்றிடங்கள் இருக்கும். துடுப்பு அந்த இடத்தில்தான் ஒடியும்.

குழாய் சுருட்டுதல்

உண்மையான வேலை இதுதான். அவசரப்படாமல் மூன்று நாள்களை இதற்கே ஒதுக்குங்கள்.

அச்சாக 3 அங்குல பிவிசி குழாய் போதும்; அதன் வெளிவிட்டம் 88.9 மி.மீ. மேலே மெழுகு தேய்த்து, பாலித்தீன் தாளை இரண்டு சுற்று இறுக்கிச் சுற்றுங்கள். இதைத் தவிர்த்தால் எபாக்ஸி குழாயோடு ஒட்டி, அச்சை உருவவே முடியாது.

பிளைவுட் தாளின் மேற்பரப்பு ரேகை குழாயின் நீளவாக்கில் ஓட வேண்டும். அப்படி வைத்தால் 0.8 மி.மீ. தாள் இந்த வளைவுக்கு எளிதாக மடங்கிக் கொடுக்கும். ரேகை குறுக்காக இருந்தால் முரண்டு பிடிக்கும், சில தாள்கள் விரிசல் விடும். கடையில் எந்தப் பக்கம் ரேகை ஓடுகிறது என்று பார்த்தே வாங்குங்கள். சில தாள்களில் அது குறுகிய பக்கவாட்டில் ஓடும்.

உள் அடுக்கின் அகலம் கணக்குப்படி 282 மி.மீ., வெளி அடுக்கு 287 மி.மீ. பாலித்தீன் தடிமன் சேர்ந்து இது சற்று மாறும். அதனால் ஒரு செய்தித்தாள் துண்டை அச்சில் சுற்றி அளந்து, தாளை 2 மி.மீ. அதிகமாகவே வெட்டி, பசையில்லாமல் சுற்றிப் பார்த்து, உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்யுங்கள். விளிம்புகள் ஒன்றையொன்று தொட வேண்டும், ஏறக் கூடாது. நீளம் 1200 மி.மீ. வைத்து, மிச்சத்தைக் கடைசியில் அறுத்துவிடலாம்.

உள் அடுக்கின் வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடைத்து, அச்சில் சுற்றி, மாஸ்கிங் டேப்பால் கட்டி, இரவு முழுக்கக் காயவிடுங்கள். வளைவு நிலைத்துவிடும். அடுத்த நாள் டேப்பை எடுத்துவிட்டு, மெதுவாக இறுகும் எபாக்ஸியை மெல்லிய படலமாகப் பரப்பி வெளி அடுக்கைச் சுற்றுங்கள். வெளி அடுக்கின் இணைப்பு உள் இணைப்புக்கு நேர் எதிர்ப்பக்கம் வர வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் வந்தால் குழாய் அங்கேயே பிளக்கும். பழைய சைக்கிள் டியூப்பை நாடாவாக வெட்டி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுத்துச் சுற்றினால் சீரான அழுத்தம் கிடைக்கும். 24 மணி நேரம் தொடாதீர்கள்.

இங்கே மரப்பசையை விட்டுவிட்டதற்குக் காரணம் தண்ணீர். இவ்வளவு பெரிய பரப்பில் நீர் கலந்த பசை தடவினால் மெல்லிய தாள் ஊதி அலையலையாகிவிடும். பாதி சுற்றுவதற்குள் பசையும் பிடித்துக்கொள்ளும்.

அச்சை உருவியதும் குழாயின் உட்புறத்துக்கும் ஒரு மெல்லிய எபாக்ஸி பூச்சு கொடுங்கள். பாராசூட்டை வெளித்தள்ளும் சூடான வாயு பூச்சில்லாத மரத்தைக் கருக்கும். பிறகு மேல் முனையின் உள்விளிம்பில் 5 செ.மீ. அகலத்துக்குக் கண்ணாடியிழைத் துணியை எபாக்ஸியில் தோய்த்து ஒட்டுங்கள். மேற்பரப்பு ரேகை நீளவாக்கில் ஓடுவதால் சுருட்ட எளிது என்றோம். அதே காரணத்தால் கெவ்லார் பட்டை விளிம்பில் வெட்டி இழுத்தால் குழாய் மூங்கில் போல நீளத்துக்குப் பிளந்துகொண்டு போகும். இந்த ஐந்து சென்டிமீட்டர்தான் அதைத் தடுக்கிறது. மரக் குழாயில் இதை விடவே கூடாது.

துடுப்புகளும் மோட்டார் கூடும்

மூன்று துடுப்புகள், 6 மி.மீ. பிளைவுட். அடி நீளம் 200 மி.மீ., நுனி நீளம் 80, உயரம் 110; முன்விளிம்பு பின்னோக்கி 100 மி.மீ. சாய்கிறது. அடியின் நடுவில் 150 மி.மீ. நீளமும் சுமார் 25 மி.மீ. ஆழமும் உள்ள நாக்கு ஒன்றை விட்டு வெட்டுங்கள். இது உடல் குழாயைத் துளைத்து உள்ளே மோட்டார் குழாயைத் தொட்டு நிற்கும். உங்கள் மோட்டார் குழாயின் வெளிவிட்டத்தை அளந்த பிறகே ஆழத்தை முடிவுசெய்யுங்கள். மேற்பரப்பு ரேகை முன்விளிம்புக்கு இணையாக ஓடட்டும். உடலோடு இணையாக ஓடினால், தரையில் மோதும்போது துடுப்பு அடியோடு முறியும். தடிமனைக் கூட்டுவதைவிட ரேகையின் திசையைச் சரியாக வைப்பதுதான் பலம் தரும்.

குழாயின் சுற்றளவு 289 மி.மீ. ஒரு காகித நாடாவைச் சுற்றி 96.4 மி.மீ. இடைவெளியில் மூன்று குறிகள் இட்டு, ஒரு கதவு நிலையின் உள்மூலையை வழிகாட்டியாக வைத்து நீளக்கோடு வரையுங்கள். அடிமுனையிலிருந்து 35 மி.மீ. தள்ளி 6 மி.மீ. அகலப் பிளவு தொடங்கி, 185 மி.மீ.-இல் முடியும். பிளவை ஒரே வெட்டில் எடுக்காமல், கூர்மையான பிளேடால் பலமுறை கீறி எடுத்தால் விளிம்பு சிதறாது.

மோட்டார் குழாயை உடல் குழாயின் நடுவில் நிறுத்த 6 மி.மீ. பிளைவுட்டில் மூன்று மைய வளையங்கள்; குழாயும் வளையங்களும் சேர்ந்ததுதான் மோட்டார் கூடு. முன்வளையத்தில் துளையிட்டுக் கெவ்லார் பட்டையைக் கோத்து, மோட்டார் குழாயைச் சுற்றிக் கட்டி எபாக்ஸி போடுங்கள். நடு வளையம் பிளவின் முன்முனைக்கு ஒட்டி வரும். பின்வளையத்தை இப்போது ஒட்டாதீர்கள், சும்மா செருகி வையுங்கள். கூட்டை உள்ளே தள்ளி ஒட்டியபின் துடுப்புகளைச் செருகி, நாக்கு மோட்டார் குழாயைத் தொடுமிடத்தில் எபாக்ஸி வைத்து, 120 பாகைக் கோணத்தில் நிறுத்துங்கள். இறுகிய பிறகு பின்வளையத்தை உருவினால், உள்ளே ஒவ்வொரு மூலைக்கும் எபாக்ஸி ஓடவிட வழி கிடைக்கும். அதன்பின் வளையத்தை ஒட்டி மூடலாம். வெளிமூலைகளுக்கும் 10 மி.மீ. ஆரத்தில் எபாக்ஸி வளைவு. ஒரு துடுப்பு கோணலானால் ராக்கெட் சுழன்றுகொண்டே ஏறும், உயரமும் குறையும்.

மூக்கு

பால்சா கட்டைகளை ஒட்டி 28 செ.மீ. நீளத்துக்குக் கடையுங்கள். கடைசல் இயந்திரம் இல்லையென்றால், நடுவில் 10 மி.மீ. மரக்கோல் கோத்து, துளைபோடும் இயந்திரத்தில் மெதுவாகச் சுழலவிட்டு உப்புத்தாளால் வடிவம் கொண்டுவரலாம். தூசு முகமூடி அவசியம். குழாய்க்குள் இறங்கும் பகுதி 90 மி.மீ., அதாவது ஒரு விட்ட அளவாவது இருக்க வேண்டும். பால்சா மென்மையானது என்பதால் கொக்கியை அதில் நேரடியாகத் திருகாதீர்கள். அடியில் 6 மி.மீ. பிளைவுட் வட்டம் ஒட்டி, வளையத் தலை போல்ட்டை வாஷர், நட்டோடு முன்பே அதில் பூட்டிவிடுங்கள்.

மூக்கைப் பிடித்துத் தூக்கினால் உடல் நழுவக் கூடாது. லேசாக உதறினால் கழன்றுவர வேண்டும். மாஸ்கிங் டேப்பால் இந்த இறுக்கத்தைச் சரிசெய்யலாம். மழைநாளில் மரம் சற்று ஊதும். ஏவும் நாளன்று களத்திலேயே மறுபடி பாருங்கள். மூக்குக்குக் கீழே குழாயில் 3 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். மேலே போகப் போக வெளிக்காற்றழுத்தம் குறையும்; உள்ளே அடைபட்ட காற்று வெளியேற வழியில்லையென்றால், அதுவே மூக்கைத் தள்ளிவிடும்.

சமநிலை

வண்ணம் பூசி, பாராசூட் மடித்து வைத்து, மோட்டாரும் ஏற்றிய நிலையில் ராக்கெட்டை ஒரு கயிற்றில் தொங்கவிட்டு ஈர்ப்பு மையத்தைக் கண்டுபிடியுங்கள். மேலே சொன்ன அளவுகளுக்கு, ஜேம்ஸ் பேரோமன் 1960-களில் தந்த சூத்திரங்களின்படி அழுத்த மையம் (காற்றின் விசை மொத்தமாகச் செயல்படும் புள்ளி) மூக்கு நுனியிலிருந்து சுமார் 114 செ.மீ.-இல் வருகிறது. ஈர்ப்பு மையம் அதற்கு முன்னால், குறைந்தது ஒரு விட்டமாவது தள்ளி இருக்க வேண்டும். அதாவது 104 செ.மீ.-ஐத் தாண்டக் கூடாது. 95 செ.மீ. அருகே வந்தால் மிக நன்று. பின்னால் போயிருந்தால் மூக்கினுள் எடை சேருங்கள். மூன்று விட்டத்துக்கு மேல் முன்னால் போனாலும் தொல்லைதான்: ராக்கெட் காற்று வரும் திசையை நோக்கிச் சாய்ந்து ஏறும். ஓபன்ராக்கெட் என்ற இலவச மென்பொருளில் உங்கள் உண்மையான எடைகளை இட்டுப் பார்த்துவிடுங்கள்.

தண்டவாளப் பொத்தான்களில் முன்பொத்தானை ஈர்ப்பு மையத்தருகே, பின்பொத்தானைப் பின்வளையத்தருகே, இரண்டும் ஒரே கோட்டில் வருமாறு திருகுங்கள். உட்புறம் சிறு மரத்துண்டு ஒட்டாமல் மெல்லிய குழாயில் திருகு நிற்காது.

மோட்டாரும் தாமதமும்

மோட்டார் பெயரில் எழுத்துக்குப் பின்வரும் எண் சராசரி உந்துவிசை, நியூட்டனில். பாதுகாப்பு விதிப்படி அது எடையைப்போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும்; நடைமுறையில் ஐந்து மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். 1.7 கிலோ என்றால் எடை சுமார் 17 நியூட்டன். ஏரோடெக் நிறுவனத்தின் 38 மி.மீ. எச்123 ஏழு மடங்கு தருகிறது. 2.4 மீட்டர் தண்டவாளத்தை விட்டு விலகும்போது வேகம் விநாடிக்கு 15 மீட்டரைத் தொடும். துடுப்புகள் வேலைசெய்ய அந்த வேகம் வேண்டும்.

எரிந்து முடிந்தபின் உச்சியை அடைய சுமார் 8 விநாடி ஆகும். மோட்டாரிலுள்ள, பாராசூட்டை வெளித்தள்ளும் வெடிமருந்து அப்போது வெடிக்குமாறு, அதற்குரிய கருவியால் தாமதத்தைச் சரிசெய்யலாம். இரண்டு விநாடி பிந்தினால் ராக்கெட் விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் விழுந்துகொண்டிருக்கும். குழாய் விளிம்பு பிளப்பது அப்போதுதான். பாராசூட்டை நோமெக்ஸ் துணியில் முழுவதும் பொதியுங்கள். 120 செ.மீ. பாராசூட்டில் இறங்கும் வேகம் விநாடிக்கு ஐந்து மீட்டரைச் சற்றுத் தாண்டும். 90 செ.மீ. போட்டால் ஏழைத் தொடும், துடுப்புக்கு ஆபத்து.

ஏவுதளத்தில்

வான்வெளி அனுமதியைச் சங்கம் வாங்கி வைத்திருக்கும். தனியாக ஒரு வயலில் ஏவ முயலாதீர்கள். பாதுகாப்பு அதிகாரி துடுப்புகளை அசைத்துப் பார்ப்பார், ஈர்ப்பு மையமும் அழுத்த மையமும் எங்கே என்று கேட்பார். இரண்டையும் உடலில் குறித்து வைத்திருங்கள்.

ராக்கெட்டைத் தண்டவாளத்தில் ஏற்றி நிமிர்த்திய பிறகே தீமூட்டியை மோட்டாருக்குள் செருக வேண்டும், உள்ளே மேல்முனை வரை. பாதியில் நின்றால் மோட்டார் சீறும், ஆனால் சரியாகப் பற்றாது. தண்டவாளச் சாய்வு செங்குத்திலிருந்து 20 பாகைக்குள். காற்று மணிக்கு 32 கி.மீ.-ஐத் தாண்டினால் ஏவக் கூடாது என்பது விதி. முதல் முயற்சிக்கு 15 கி.மீ.-க்குள் இருப்பது நல்லது. எச் மோட்டாருக்குக் குறைந்தது 30 மீட்டர் விலகி நில்லுங்கள்.

ஏவும் பொத்தானை அழுத்தியும் கிளம்பவில்லையா? பாதுகாப்புச் சாவியை எடுத்துவிட்டு, 60 விநாடி யாரும் அருகில் போகக் கூடாது. பெரும்பாலும் கிளிப்பில் படிந்த கரியோ, தீமூட்டி கீழே சரிந்ததோதான் காரணம்.

இறங்கும் ராக்கெட்டைக் கையால் பிடிக்காதீர்கள். மின்கம்பியில் சிக்கினால் தொடவே வேண்டாம். கிடைத்ததும் அப்படியே சங்கத்தினரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். துடுப்பின் அடிமூலைகளையும் குழாயின் மேல்விளிம்பையும்தான் முதலில் பார்ப்பார்கள். மோட்டார் உறையை அன்றே கழுவுங்கள். ஒரு நாள் விட்டாலும் கரி இறுகி, மூடியைக் கழற்றுவது பெரும்பாடாகிவிடும்.