பாம்புக்குக் கால் வரைந்தவன்: ஒரு சீன மரபுத்தொடரைப் படிப்படியாகக் கற்போம்

ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாம்பு வரையுங்கள். வளைந்த உடம்பு, தலை, வால், ஒரு கண் போதும். சரி, இப்போது அதற்கு நான்கு கால் போடுங்கள். தாளில் இருப்பது ஓணானோ உடும்போ தெரியாது. பாம்பு இல்லை என்பது மட்டும் நிச்சயம். சீன மொழியில் நான்கே எழுத்தில் இதைச் சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் நான்கு எழுத்தில் அமையும் இத்தகைய பழந்தொடர்களுக்கு 'செங்யூ' என்று பெயர். சீனம் படிக்கத் தொடங்குபவர்கள் முதலில் கற்க நான் இந்தத் தொடரைத்தான் சொல்வேன். ஒருமுறை படம் போட்டுப் பார்த்தவருக்கு மறக்கவே மறக்காது.

படி 1: வாயில் வரவழையுங்கள்

ஹுவா ஷெ தியென் ட்ஸு. ஹுவா என்றால் வரைதல், ஷெ பாம்பு, தியென் கூடுதலாகச் சேர்த்தல், ட்ஸு கால். 'பாம்பை வரைந்து காலைச் சேர்ப்பது.'

ஹுவாவை மேலிருந்து சட்டென்று இறக்குங்கள். ஷெ, ட்ஸு இரண்டையும் "என்ன?" என்று வியந்து கேட்பதுபோல் ஏற்றுங்கள். தியென் உயர்ந்த குரலில் நேராக நிற்கும். அதன் 'தி'யில் மூச்சுக்காற்று வெளியே வர வேண்டும். உள்ளங்கையை வாய்க்கு எதிரே வைத்துப் பாருங்கள், காற்று படும்.

படி 2: கதையைப் படியுங்கள்

பழைய சீனாவின் சூ நாட்டில் ஒருவர் வழிபாடு முடிந்ததும் தன் பணியாட்களுக்கு ஒரு கிண்ணம் மது கொடுத்தார். பலர் குடித்தால் போதாது, ஒருவர் குடித்தால் தாராளம். ஆகவே தரையில் பாம்பு வரைவோம், முதலில் முடிப்பவருக்கே மது என்று பேசிக்கொண்டார்கள். ஒருவன் மளமளவென்று முடித்தான். இடது கையில் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மேலும் வரைந்தபடி, "என்னால் இதற்குக் கால்கூடப் போட முடியும்" என்றான். கால் முடிவதற்குள் இன்னொருவன் தன் பாம்பை முடித்துவிட்டான். கிண்ணத்தைப் பிடுங்கி, "பாம்புக்கு ஏது கால்? நீ எப்படிக் கால் போடுவாய்?" என்று கேட்டுக் குடித்தும் விட்டான்.

படி 3: யாரிடம் சொன்ன கதை என்று பாருங்கள்

பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் தொடரின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

கிமு 323. சூ நாட்டுத் தளபதி சாவ் யாங், வெய் நாட்டுப் படையை முறியடித்து, அதன் தளபதியைக் கொன்று, எட்டு நகரங்களைப் பிடித்தார். அதோடு நிற்காமல் ச்சி நாட்டின் பக்கம் படையைத் திருப்பினார். ச்சி மன்னருக்காகத் தூது போனவர் சென் ஜென். அவர் கெஞ்சவில்லை, மிரட்டவும் இல்லை. வெற்றிக்கு வணங்கி வாழ்த்திவிட்டு, "இப்படி வென்றவருக்கு உங்கள் நாட்டில் என்ன பதவி?" என்று கேட்டார். தளபதி சொன்னார். "அதற்கும் மேலே?" "லிங்யின் ஒன்றுதான்." லிங்யின் என்பது தலைமை அமைச்சர் பதவி. மன்னர் இரண்டு லிங்யின்களை வைக்க மாட்டாரே என்று சொல்லிவிட்டு, சென் ஜென் பாம்புக் கதையை எடுத்தார். இனி வென்றாலும் உங்களுக்கு ஏற இடமில்லை, தோற்றால் உயிரும் பதவியும் போகும் என்று முடித்தார். சாவ் யாங் படையோடு திரும்பிவிட்டார்.

இதை மேற்கு ஹான் காலத்து லியூ ஷியாங் தொகுத்த 'ஜான்குவோ ட்செ' என்ற நூலில் படிக்கலாம்.

படி 4: பேச்சில் போடுங்கள்

இரண்டு கேள்வி கேளுங்கள். காரியம் முன்பே முழுமையாக முடிந்திருந்ததா? பிறகு சேர்த்தது அதைக் கெடுத்ததா? இரண்டுக்கும் ஆம் என்றால்தான் இந்தத் தொடர் பொருந்தும். வேலையை அரைகுறையாக விட்டவனுக்கு இது பொருந்தாது.

ஆவியில் வேகவைத்த மீன், மேலே இஞ்சி, வெங்காயத்தாள், சோயா சாஸ். அதன்மேல் தக்காளி சாஸையும் ஊற்றினால் ஹுவா ஷெ தியென் ட்ஸு. மனதாரத் "தப்பு என்னுடையது" என்று சொல்லிவிட்டு, "ஆனால் நீங்களும்..." என்று தொடர்ந்தால் அதுவும் இதுவே.

"பியெ ஹுவா ஷெ தியென் ட்ஸு லெ" என்றால் 'தேவையில்லாததைச் சேர்த்துக் கெடுக்காதே'. நண்பர்களிடம் சொல்லலாம். பெரியவர்களின் வேலையைப் பற்றி இப்படிச் சொன்னால் சுருக்கென்று தைக்கும். 'பியெ'க்குப் பதிலாகத் தொடருக்கு முன்னால் 'யோ தியென்', அதாவது 'கொஞ்சம்', சேர்த்தால் சற்றே மென்மையாகும் (இந்தத் தியென் வேறு சொல்).

ஜப்பானியர்களும் இதே கதையிலிருந்து 'தசொகு', பாம்புக்கால், என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள். கூடுதலாக ஒன்று சொல்லும் முன் "தசொகு தெசுக" என்று பணிவாகத் தொடங்குவார்கள்.

படி 5: பக்கத்து வீட்டுக்காரர்களோடு குழப்பாதீர்கள்

'ஜின் ஷாங் தியென் ஹுவா' என்றால் பட்டுத்துணியில் பூ வேலையும் சேர்ப்பது (இந்த ஹுவா வேறு சொல், பூ). நல்லதை இன்னும் நல்லதாக்கும் சேர்க்கை. தியென் இரண்டிலும் உண்டு, பொருளோ நேர் எதிர்.

நமக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. 'பாம்பின் கால் பாம்பறியும்' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதில் பாம்புக்குக் கால் உண்டு. இனத்தை இனம் அறியும் என்பது பொருள். அந்தப் பாம்பை இங்கே கூட்டிவராதீர்கள்.

பயிற்சிக்கு மூன்று. அப்பா கட்டிய வீட்டில் கூரை ஒழுகுகிறது. கச்சிதமான நாலு வரிக் கவிதைக்குக் கீழே கவிஞரே விளக்கவுரை எழுதுகிறார். கல்யாணப் பட்டுப்புடவைக்குப் பொருத்தமாக மல்லிகைப்பூ வைக்கிறார்கள். எந்த இடத்தில் பாம்புக்குக் கால் முளைத்தது என்று, படி 4-இன் இரண்டு கேள்விகளையும் வைத்துக்கொண்டு பாருங்கள்.