ஈ பறந்த தூரம்: ஒரு முடிவிலித் தொடரைக் கூட்டிப் பார்ப்போம்

ஒரே தண்டவாளத்தில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வருகின்றன. இடைவெளி 100 கி.மீ. இரண்டின் வேகமும் மணிக்கு 50 கி.மீ. ஒரு ரயிலின் முகப்பிலிருந்து ஓர் ஈ மணிக்கு 75 கி.மீ. வேகத்தில் கிளம்புகிறது. (சாதாரண ஈ அவ்வளவு வேகமாகப் பறக்காது. கணக்குக்காக விட்டுவிடுவோம்.) எதிர் ரயிலைத் தொட்டதும் திரும்பும், மறுபடி இதைத் தொட்டதும் திரும்பும். ரயில்கள் மோதும் வரை ஈ பறந்த மொத்தத் தூரம் என்ன?

குறுக்குவழி சுலபம். ரயில்கள் மோத 1 மணி நேரம் ஆகும், ஆகவே ஈ பறந்தது 75 கி.மீ. இதைக் கணித மேதை ஜான் வான் நியூமனிடம் கேட்டபோது சட்டென்று விடை சொன்னாராம். "குறுக்குவழி தெரியுமா?" என்றதற்கு, "தொடரைத்தான் கூட்டினேன்" என்றாராம். அதாவது, ஈயின் ஒவ்வொரு பயணத் தூரத்தையும் முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போகும் தொடர். நாமும் கூட்டுவோம்.

படி 1: ஈயும் எதிர் ரயிலும் நெருங்கும் வேகம் 75 + 50 = 125. சந்திக்க 100 ÷ 125 = 0.8 மணி. அதற்குள் ஈ பறப்பது 75 × 0.8 = 60 கி.மீ.

படி 2: அதே 0.8 மணியில் ரயில்கள் தலா 40 கி.மீ. வந்துவிட்டன. மீதி இடைவெளி 20 கி.மீ. இங்கே கொஞ்சம் நிதானியுங்கள். ஈ மறுபடி ஒரு ரயிலின் முகப்பில் இருக்கிறது, எதிரே இன்னொரு ரயில். தொடக்கத்தில் இருந்த அதே நிலைமைதான், இடைவெளி மட்டும் ஐந்தில் ஒரு பங்கு. அதனால் புதிதாகக் கணக்குப் போட வேண்டியதில்லை. 60-ஐ 5-ஆல் வகுத்தால் 12. அடுத்தது 2.4, அப்புறம் 0.48, இப்படியே முடிவில்லாமல்.

படி 3: ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள்: 60, 72, 74.4, 74.88, 74.976. இனி 75-க்கு எவ்வளவு பாக்கி என்று பாருங்கள்: 15, 3, 0.6, 0.12, 0.024. பாக்கியும் ஒவ்வொரு முறையும் ஐந்தில் ஒன்றாகச் சுருங்குகிறது. ஒரு மில்லிமீட்டருக்குள் வர வேண்டுமா? 12 பயணங்கள் போதும். அதையும்விடச் சின்னதாகக் கேட்டால் இன்னும் சில பயணங்கள். எவ்வளவு சின்னதாகக் கேட்டாலும் ஒரு கட்டத்தில் அதற்குள் வந்து, அப்புறம் வெளியே போகாது. தொடர் 75-க்கு ஒருங்குகிறது என்பதற்கு இதுதான் அர்த்தம்.

படி 4: சூத்திரத்தால் சரிபார்க்கலாம். ஒவ்வொரு பயணமும் முந்தையதில் எத்தனை பங்கு என்பதே பொது விகிதம்; இங்கே ஐந்தில் ஒன்று, அதாவது 0.2. முதல் உறுப்பு ÷ (1 − பொது விகிதம்) = 60 ÷ (1 − 0.2) = 60 ÷ 0.8 = 75. பொது விகிதம் −1-க்கும் 1-க்கும் இடையில் இருந்தால் மட்டுமே இது செல்லும்.

முடிவில்லாத பயணங்கள் ஒரு மணி நேரத்தில் எப்படி அடங்கும் என்று தோன்றினால், நேரத்தையும் கூட்டிப் பாருங்கள்: 0.8 + 0.16 + 0.032 + ... அதுவும் 1-க்குத்தான் ஒருங்குகிறது.

சரி, ஈயின் வேகத்தை 150 ஆக்கி நீங்களே போட்டுப் பாருங்கள். முதல் பயணம் 75 கி.மீ., பொது விகிதம் ½ என்று வர வேண்டும்.