டீம்ல ரெண்டு கலாச்சாரத்துல வளர்ந்தவங்க இருந்தா: லீடுங்களுக்கு ஒரு கைடு

நியூஜெர்சியோ டொரான்டோவோ சிங்கப்பூரோ, எங்கயோ ஒரு டீமுக்கு நீங்க லீடுன்னு வெச்சுக்கோங்க. அங்கயே பிறந்து வளர்ந்த பிள்ளைங்க சில பேர், வீட்ல ஒரு பழக்கம் வெளில ஒரு பழக்கம்னு வளர்ந்தவங்க, அப்புறம் வேலைக்குன்னு வந்து அங்கயே செட்டில் ஆனவங்க சில பேர். ஹெச்ஆர்ல வருஷத்துக்கு ஒரு தடவ, பல கலாச்சார ஆளுங்களோட வேலை பாக்கறத பத்தி ஒரு வீடியோவ போட்டு கடைசில குவிஸ் வெச்சு சர்டிபிகேட் குடுத்துருவாங்க, அத பாத்து யாரும் எதுவும் கத்துக்கிட்டதா எனக்குத் தெரியல. ஆனா சைக்காலஜில இந்த விஷயத்த இருபது இருபத்தஞ்சு வருஷமா நல்லாவே தோண்டியிருக்காங்க, அதுல ஒரு லீடுக்கு நேரா வேலைக்கு ஆகுறத மட்டும் எழுதறேன்.

எல்லாத்துக்கும் அடியில இருக்கறது இதுதான்: ஒருத்தருக்கு எத்தன கலாச்சாரம் தெரியும்ங்கறத விட, அந்த ரெண்டும் அவருக்குள்ள ஒத்துப்போகுதா முட்டிக்குதாங்கறதுதான் வேலைல வெளிய வரும். அது முட்டிக்கறதுக்கு பல சமயம் நம்ம ஆபீஸே காரணம்.

முதல்ல இத புரிஞ்சுக்கோங்க

2000ல ஒரு பேப்பர் வந்துச்சு, யிங்-யி ஹாங், மைக்கேல் மாரிஸ் இன்னும் ரெண்டு பேர் சேர்ந்து எழுதினது. ஹாங்காங் காலேஜ் பசங்ககிட்ட மொதல்ல சில படம் காட்றாங்க, சில பேருக்கு டிராகன், சீனப் பெருஞ்சுவர் மாதிரி, வேற சில பேருக்கு சூப்பர்மேன் மாதிரி அமெரிக்க படம். அப்புறம் எல்லாருக்கும் ஒரே ஒரு மீன் படம்: கூட்டமா மீனுங்க, அதுக்கு முன்னாடி தனியா ஒண்ணு. அது ஏன் முன்னாடி போகுதுன்னு கேட்டா, அமெரிக்க படம் பாத்தவங்க அந்த மீனோட சொந்த குணத்த காரணமா சொல்ற பக்கம் சாய்ஞ்சாங்க, சீன படம் பாத்தவங்க பின்னாடி இருக்கற கூட்டத்த காரணமா சொல்ற பக்கம் சாய்ஞ்சாங்க. அதே மாதிரி பசங்கதான், சுத்தி என்ன இருக்கோ அதுக்கேத்த மாதிரி மூளை கியர் மாத்திக்குது.

2002ல வெரோனிகா பெனட்-மார்ட்டினெஸும் மத்தவங்களும் இதுக்கு மேல ஒரு படி போய்ப் பாத்தாங்க, இந்த தடவ சீன அமெரிக்கர்கள். ரெண்டும் எனக்குள்ள ஒத்துப்போகுதுன்னு சொன்னவங்க மேல சொன்ன மாதிரியே மாறினாங்க, ரெண்டும் மோதுதுன்னு சொன்னவங்க நேர் எதிரா போனாங்க, அமெரிக்க படத்த காட்டினா சீன மாதிரி யோசிக்கறது, சீன படத்த காட்டினா அமெரிக்க மாதிரி. எனக்கு இதுதான் இந்த ஏரியாலயே ரொம்ப பிடிச்ச ரிசல்ட், ஏன்னா ஆபீஸ்ல நாம "இவன் வேணும்னே முரண்டு பிடிக்கறான்"னு நெனைக்கற சில விஷயத்துக்கு அடியில இது இருக்கலாம்.

2005ல அவங்களே இத ரெண்டா பிரிச்சாங்க. ரெண்டு கலாச்சாரமும் தூரமா, தனித்தனி டப்பாவா இருக்கறது ஒண்ணு, ரெண்டும் சண்டை போடறது இன்னொண்ணு. சண்டைக்கும், அந்த ஆளு சந்திச்ச பாகுபாட்டுக்கும் மத்தவங்களோட இருக்கற உரசலுக்கும் தொடர்பு இருந்துச்சு. வீட்டையும் ஆபீஸையும் தனித்தனியா வெச்சிருக்கறது தப்பே கிடையாது, பல பேர் அப்படித்தான் நிம்மதியா இருக்காங்க, அத போய் நோண்டாதீங்க. நீங்க பாக்க வேண்டியது சண்டைய.

கேக்கற கேள்விய மாத்துங்க

"நிஜமா நீ எந்த ஊரு?" புதுசா சேந்த ஆள்கிட்ட நாமளும் கேப்போம், வெள்ளக்காரனும் கேப்பான். அங்கயே பிறந்தவனுக்கு இது எப்படிப் போய்ச் சேருதுன்னு சப்னா செரியனும் பெனுவா மோனினும் 2005ல பாத்தாங்க. ஆசிய அமெரிக்க பசங்ககிட்ட மொதல்ல "இங்கிலீஷ் பேசுவியா"ன்னு கேட்டுட்டு அப்புறம் அமெரிக்க டிவி ஷோ பேர எழுதச் சொன்னா, கேக்காம விட்டவங்கள விட அதிக நேரம் உக்காந்து எழுதினாங்க, அதாவது நானும் இந்த ஊருதான்னு நிரூபிக்கறாங்க. 2011ல இதையே சாப்பாட்டுல பாத்தாங்க, அந்த மாதிரி சீண்டப்பட்டவங்க ஆர்டர் பண்ணின சாப்பாட்டுல சராசரியா 182 கலோரி கூட இருந்துச்சு, பர்கர் பீட்சான்னு பச்சை அமெரிக்கச் சாப்பாடா எடுத்ததால. ஒரு சின்ன கேள்வி மதியச் சாப்பாடு வரைக்கும் கூடவே வருது பாருங்க.

அதனால நீங்க ரெண்டு பேர் மட்டும் உக்காந்து பேசற முதல் ஒன்-ஆன்-ஒன்ல ஊர கேக்காதீங்க. "இதுக்கு முன்னாடி எந்த மாதிரி டீம்ல வேலை பாத்தீங்க, அங்க எது நல்லா இருந்துச்சு, ஒருத்தர் தப்பு பண்ணா அங்க எப்படிச் சொல்லுவாங்க"ன்னு கேளுங்க. கடைசி கேள்விதான் தங்கம், அதுல கலாச்சாரம் தானா வந்துரும், ஊர் பேரு அவங்களா சொன்னா சொல்லட்டும்.

தூது போற வேலைக்கு கணக்கு வைங்க

இதுல கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன், நான் பாத்த வரைக்கும் அதிகமா சொதப்பறது இங்கதான். கிளையன்ட் பக்கம் ஒரு அமெரிக்க மேனேஜர், அந்தப் பக்கம் சென்னை ஆஃப்ஷோர் டீம், நடுவுல நியூஜெர்சி எடிசன்ல பிறந்து வளர்ந்த ஒரு பொண்ணு, வீட்ல தமிழ் பேசும். சென்னைல இருந்து "பண்ணிடலாம் சார், ட்ரை பண்றோம்"னு வரும், மேனேஜர் அத வெள்ளிக்கிழமை முடிஞ்சிரும்னு எழுதிப்பாரு, கான்ஃபரன்ஸ் கால் முடிஞ்சதும் இந்தப் பொண்ணுதான் அவருக்கு தனியா மெசேஜ் போடணும், "அவங்க முடியாதுன்னு சொல்றாங்க, இன்னும் ஒரு வாரம் குடுங்க"ன்னு. அப்புறம் ராத்திரி பதினோரு மணிக்கு மேல, சென்னைல ஆளுங்க ஆபீஸ் வந்ததும், அவங்ககிட்ட "அவரு கோவமா பேசல, அவர் பேச்சே அப்படித்தான்"னு சமாதானம் பண்ணணும். இது அப்ரைசல்ல எங்கயும் வராது. கோட் ரிவ்யூ எத்தன பண்ணினன்னு மட்டும் கேப்பாங்க.

சுஜின் ஜாங் 2017ல வெளியிட்ட ஆராய்ச்சில ரெண்டாயிரத்துக்கும் மேல பல கலாச்சார டீமுங்கள எடுத்துப் பாத்தாங்க, இப்படி நடுவுல நின்னு இணைக்கறவங்க இருக்கற டீமு புதுசா யோசிக்கறதுல மேல இருந்துச்சு. இதுல ரெண்டு வகை. அந்த ரெண்டு கலாச்சாரத்தையும் உள்ள இருந்து தெரிஞ்சவங்க ரெண்டு பக்க ஐடியாவையும் அவங்களே சேத்துக் குடுப்பாங்க. வேற ஏதோ ரெண்டு கலாச்சாரத்துல வளந்த மூணாவது ஆளு, அவரு தெரியாததால கேள்வி கேட்டு கேட்டு மத்தவங்க வாயில இருந்து வரவெப்பாரு. ரெண்டுமே வேலைக்கு ஆகுது, அப்புறம் ஏன் எப்பவும் அந்தப் பொண்ணே போகணும்? கொரியாலயும் பிரேசில்லயும் வளந்த ஒருத்தர் டீம்ல இருந்தா அவர ஒரு வாரம் அந்த கான்ஃபரன்ஸ் கால் மீட்டிங்க நடத்தச் சொல்லுங்க.

செய்ய வேண்டியது: இந்த வேலைய முதல்ல எழுத்துல கொண்டு வாங்க, வாரத்துக்கு எத்தன மணி நேரம் போகுதுன்னு அவங்ககிட்டயே கேளுங்க, கோல் ஷீட்ல ஒரு லைனா போடுங்க, வேண்டாம்னு சொல்ற உரிமையும் குடுங்க. பேரு பாத்து, மூஞ்சி பாத்து "நீதான் அவங்க ஆளாச்சே"ன்னு தள்ளிவிடறது மட்டும் வேண்டவே வேண்டாம். அவங்களுக்கு தமிழே வராம கூட இருக்கலாம், அத வெளில சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு இருப்பாங்க.

ரெண்டும் வேலைக்கு ஆகற டாஸ்க் குடுங்க

2008ல ஒரு அருமையான சோதனை: செங், சான்செஸ்-பர்க்ஸ், ஃபியோனா லீ மூணு பேர் பண்ணினது. ஆசிய அமெரிக்கர்கள்கிட்ட சமையல் சாமான் லிஸ்ட குடுத்து புதுசா ஒரு டிஷ் யோசிக்கச் சொன்னாங்க. ஆசிய சாமானும் அமெரிக்க சாமானும் ரெண்டும் கலந்து இருந்தப்போ, தனக்குள்ள ரெண்டும் ஒத்துப்போறவங்க இன்னும் புதுமையா யோசிச்சாங்க, ஒரு பக்க சாமான் மட்டும் இருந்தப்போ அந்த வித்தியாசம் வரல. இதே பேப்பர்லயே பெண் இன்ஜினியருங்கள வெச்சும் பண்ணினாங்க, பெண்ணுங்கறதும் இன்ஜினியர்ங்கறதும் ரெண்டு ஐடென்டிட்டி, பெண்களுக்கான ஒரு ப்ராடக்ட டிசைன் பண்ணச் சொன்னப்போ அதே கதைதான். ஆக டைவர்சிட்டி, அதாவது பல மாதிரி ஆளுங்க, இருந்தா கிரியேட்டிவிட்டி தானா வரும்னு ஸ்லைடுல போடறது பொய், அந்த ரெண்டு பக்கத்தையும் தொடற வேலைய அவங்ககிட்ட குடுத்தாத்தான் வரும்.

உள்ளுக்குள்ள மோதல் இருக்கறவங்கள ஒதுக்கணுமான்னா, கூடவே கூடாது. மோக்கும் மாரிஸும் 2010ல காட்டினது என்னன்னா, தன் இனத்து ஆளுங்க கூட்டத்துல எல்லாரும் ஒரே பக்கம் சாயும்போது, இவங்க அந்த ஓட்டத்துல போக மாட்டாங்க. எல்லாரும் தலையாட்டற மீட்டிங்ல "எனக்கு சரியா படல"ன்னு ஒருத்தர் சொல்றாருன்னா அவர விட்டுறாதீங்க, ரிலீஸுக்கு முந்தின ரிவ்யூல அவர உக்கார வைங்க.

"எங்களுக்கு எல்லாரும் ஒண்ணுதான்"

நல்ல மனசோடதான் சொல்றாங்க. ஆனா விக்டோரியா ப்ளாட், கெசியா தாமஸ், மேட் கோரன் மூணு பேரும் 2009ல ஒரு அமெரிக்க ஹெல்த்கேர் நிறுவனத்துல 18 டிபார்ட்மென்ட், கிட்டத்தட்ட 5,000 ஊழியர்கள வெச்சுப் பாத்தப்போ, வெள்ளை ஊழியர்கள் வித்தியாசத்த மதிக்கணும்னு நெனச்ச டிபார்ட்மென்ட்ல சிறுபான்மை ஊழியர்களுக்கு வேலைல ஈடுபாடு அதிகம், வித்தியாசத்த கண்டுக்கவே கூடாதுன்னு நெனச்ச எடத்துல கம்மி. அதே ப்ளாட் 2011ல இன்னொண்ணும் காட்டினாங்க, இந்த மாதிரி பேச்சுல வெள்ளைக்காரங்களுக்கு நாம வெளிய நிக்கறோம்னு ஒரு எண்ணம் வருது. அதனால டீம்ல இத பேசும்போது பெரும்பான்மை ஆளுங்களையும் சேத்தே பேசுங்க, அயர்லாந்து தாத்தா கதைய அவங்களும் சொல்லட்டும்.

ஆளெடுக்கும்போது இன்னும் உஷாரா இருக்கணும். 2016ல வந்த ஆராய்ச்சில, ஆசிய விண்ணப்பதாரர்கள் ரெஸ்யூமேல இனம் தெரியற விஷயத்த அப்படியே விட்டா 11.5 சதவீதம் பேர இன்டர்வியூவுக்கு கூப்பிட்டாங்க, அத மறைச்சா 21 சதவீதம். கறுப்பினத்தவருக்கு 10ல இருந்து 25. விளம்பரத்துல டைவர்சிட்டிய வரவேற்கறோம்னு போட்ட கம்பெனிங்களும் இதுல ஒரு மாத்தமும் காட்டல, இன்னும் மோசம் என்னன்னா அத நம்பி மறைக்காம அனுப்பினவங்கதான் அடி வாங்கறாங்க. உங்க ஜாப் போஸ்ட்ல அந்த வரிய போடறதுக்கு முன்னாடி பேர மறைச்சு ரெஸ்யூமே பாக்கற ஏற்பாட்ட பண்ணுங்க.

நீங்களே ரெண்டு கலாச்சாரத்து ஆளுன்னா

டட்மோர், கலின்ஸ்கி, மாடக்ஸ் 2012ல அமெரிக்காவுல வேலை பாக்கற இஸ்ரேலியர்கள பாத்தப்போ, ரெண்டு பக்கத்தோடயும் ஒட்டி இருந்தவங்களுக்கு ப்ரமோஷனும் பேரும் கூட இருந்துச்சு, ஒரு பக்கத்த மட்டும் பிடிச்சவங்கள விட. இத படிச்சிட்டு நாளைக்கே மாறணும்னு இறங்காதீங்க, எது காரணம் எது விளைவுன்னு அந்த ஒரு சர்வேல தெரியாது, நல்ல ஆபீஸ்ல இருந்ததால ஒட்டி இருக்க முடிஞ்சுதோ என்னவோ.

இன்னொரு எச்சரிக்கை, இது நம்ம ஆளுங்களுக்கு. நான் மேல சொன்னதுல நிறைய கிழக்காசிய வம்சாவளி காலேஜ் பசங்கள வெச்சுப் பண்ணினது. ஏசியன்னு ஒரே கட்டத்துல டிக் அடிச்சா மொழி, மாநிலம், மதம், ஜாதி எல்லாம் காணாம போயிரும். வெள்ளைக்கார மேனேஜர் "இந்தியன்ஸ் எல்லாம் ஒண்ணு"ன்னு நெனச்சு ஒரே டீம்ல போட்டு, அதுல சீனியர பாத்து ஜூனியருக்கு மென்ட்டர்னு போட்டுருவாரு, அந்த சீனியர் லஞ்ச்ல "நீங்க எந்த பக்கம், அப்பா என்ன பண்றாரு, வெஜ்ஜா"ன்னு ஆரம்பிச்சு எதக் கண்டுபிடிக்கப் பாக்கறாருன்னு அந்த ஜூனியருக்கு மட்டும்தான் புரியும். சியாட்டில் 2023ல ஜாதிப் பாகுபாட்ட சட்டத்துல தடை பண்ணிச்சுன்னா சும்மா பண்ணல. நீங்க தமிழ் லீடா இருந்தா, இத பாக்கற கண்ணு அந்த மேனேஜருக்கு இல்ல, உங்களுக்குத்தான் இருக்கு. மென்ட்டர அவங்களே தேர்ந்தெடுக்கட்டும், மூணு பேர் பேர குடுங்க, காரணம் கேக்காம மாத்திக்கலாம்னு மொதல் நாளே சொல்லிருங்க.