ரெக்ரூட்டர் போனில் கேட்டால் என்ன சொல்வது? ஒரு வேலையைக் கோட்டைவிட்டவனின் செய்முறை விளக்கம்

போன வருஷம் மார்ச் மாதம், பெங்களூரு சில்க் போர்டு சிக்னலில் பஸ் நகராமல் நின்றுகொண்டிருந்தபோது ஒரு ரெக்ரூட்டர் (கம்பெனிக்கு ஆள் தேடிக் கொடுப்பவர்) கூப்பிட்டார். நல்ல கம்பெனி, வீட்டுக்குப் பக்கத்திலேயே ஆபீஸ். மூன்றாவது கேள்வியே "குபர்னெட்டிஸ் எத்தனை வருஷம்?" என்பதுதான். நான் பெரிய யோக்கியன் மாதிரி, "நேரடியாக இல்லை மேடம், ஈ.கே.எஸ். மூன்று வருஷம்" என்றேன். "அப்போ குபர்னெட்டிஸ் ஜீரோ போட்டுக்கலாமா சார்?" என்று கேட்டார். இல்லை இல்லை என்று பதறி, கன்ட்ரோல் பிளேனை அமேசான்காரன் பார்த்துக்கொள்கிறான், நோடுகளும் அதில் ஓடுகிற பாடுகளும்தான் எங்கள் பொறுப்பு என்று பஸ் இரைச்சலுக்கு நடுவே பாடம் நடத்தினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஓகே சார், டீம்கிட்ட கேட்டுட்டு சொல்றேன்" என்றார். அதற்கப்புறம் அந்த நம்பரிலிருந்து போன் வரவே இல்லை.

தெரியாதவர்களுக்காக: குபர்னெட்டிஸ் என்பது பல கம்ப்யூட்டர்களில் புரோகிராம்களைப் பரப்பி ஓட்டி மேய்க்கும் மென்பொருள். அதன் மூளை கன்ட்ரோல் பிளேன், அந்தக் கம்ப்யூட்டர்கள் நோடு, அவற்றில் ஓடும் புரோகிராம் பொட்டலங்கள் பாடு. ஈ.கே.எஸ். என்பது அமேசான் நடத்தித் தரும் குபர்னெட்டிஸ்தான். 'இட்லி சாப்பிடுவீங்களா' என்று கேட்டவரிடம் 'ரவா இட்லி மட்டும்தான்' என்று சொல்லிவிட்டு, இட்லியே சாப்பிட மாட்டான் என்று எழுதிக்கொண்டார் என அவர்மேல் கோபப்பட்டால் எப்படி?

எனக்குப் புத்தி வந்தது என் சித்தி பொண்ணால். பொம்மனஹள்ளியில் இருக்கிறாள், அவளும் ரெக்ரூட்டர்தான், பி.காம். படித்தவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடம் புலம்பினேன். லேப்டாப்பைத் திருப்பி அவளுடைய எக்செல் ஷீட்டைக் காட்டினாள். பெயர், மொத்த அனுபவம், ரிலவன்ட் அனுபவம் (கேட்கிற வேலைக்குப் பொருந்துவது), ஒவ்வொரு டெக்னாலஜிக்கும் ஒரு கட்டம், இப்போதைய சி.டி.சி. (கம்பெனி நமக்காக வருஷத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகை), எதிர்பார்க்கும் சம்பளம், நோட்டீஸ் (ராஜினாமா செய்தபின் வேலை பார்க்க வேண்டிய நாட்கள்). "அண்ணா, நீ பத்து நிமிஷம் பேசினாலும் நான் இந்தக் கட்டத்துல ஒரு நம்பர்தான் போட முடியும். நீ நம்பர் சொல்லலைன்னா நானா ஒண்ணு போடுவேன்." இந்த விளக்கம் முழுக்க அந்த ஒரு கட்டத்தைப் பற்றியதுதான்.

படி 1: இரண்டு பத்தி அகராதி

ஜே.டி.யை, அதாவது கம்பெனி தரும் வேலை விவரக் குறிப்பைத் திறந்துகொள்ளுங்கள். அதில் இருக்கிற ஒவ்வொரு டெக்னாலஜி பெயரையும் இடதுபக்கம் எழுதி, அதற்கு நேராக நீங்கள் ஆபீஸில் அதை எந்தப் பெயரில் கூப்பிடுகிறீர்கள் என்று வலதுபக்கம் எழுதுங்கள். அவர்கள் 'எஸ்.க்யூ.எல்.' (டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி) என்று கேட்பார்கள், நீங்கள் 'போஸ்ட்கிரெஸ்' (அந்த மொழி புரிந்த ஒரு டேட்டாபேஸ்) என்பீர்கள். அவர்கள் 'சி.ஐ. சி.டி.' (எழுதிய கோடைத் தானாகச் சோதித்து வெளியிடும் முறை) என்பார்கள், உங்கள் வாயில் அதைச் செய்யும் டூலான 'ஜென்கின்ஸ்' மட்டும்தான் வரும். போனில் பேசும்போது இடதுபக்கச் சொல்லை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் உங்கள் சொல்லுக்கு வாருங்கள்: "எஸ்.க்யூ.எல். ஐந்து வருஷம், அதில் போஸ்ட்கிரெஸ்." வரிசை மாறினால் நான் பட்ட பாடுதான்.

இதற்கு நோஷன், ஏர்டேபிள் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். வேண்டாம். போன் வரும்போது ஆப் திறந்து தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. ஒரு தாளில் எழுதி மேஜைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டிவிட்டேன், அதைவிடச் சிறந்த டூலை நான் இன்னும் பார்க்கவில்லை.

இந்த அகராதி பொய் சொல்வதற்கு இல்லை. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் ஒன்றில்லை. 1995 டிசம்பரில், அப்போது ஜாவாவுக்கு இருந்த மவுசைப் பார்த்து நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் கம்பெனி ஜாவாஸ்கிரிப்டுக்கு வைத்த பெயர் அது, அந்தக் குழப்பத்தை நாம் இன்னும் சுமக்கிறோம். ரெக்ரூட்டர் இரண்டையும் ஒன்றாக எழுதப் போனால் ஒரே வரியில் திருத்துங்கள்: "அது வேறு மொழி மேடம், அதில் எனக்கு அனுபவம் இல்லை. ஜாவா ஐந்து வருஷம்." பெயர்க்காரணமெல்லாம் சொல்லக் கூடாது. சொல்லிப் பார்த்திருக்கிறேன், எதிர்முனையில் கீபோர்டு சத்தம்தான் கேட்டது.

படி 2: வருஷக் கணக்கு

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே எழுதுகிறேன். 'மொத்த அனுபவம்' சுலபம், முதல் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எண்ண வேண்டியது. 'ரிலவன்ட் அனுபவம்' என்றதும் நம்மில் பலர் மனசாட்சியைத் தராசில் வைக்க ஆரம்பிக்கிறோம். அந்த இரண்டு வருஷத்தில் பாதி நேரம் டாக்குமெண்ட்தானே எழுதினேன், அப்போ ஒரு வருஷமா, முக்கால் வருஷமா என்று. அவர் கேட்பது நீங்கள் உட்கார்ந்து அடித்த மணிநேரத்தை இல்லை. அந்த டெக்னாலஜி உங்கள் அன்றாட வேலையில் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை இருந்தது என்பதைத்தான். ஒரே நேரத்தில் மூன்று இருந்தால் மூன்றுக்கும் முழு வருஷத்தையும் சொல்லலாம், யாரும் கூட்டிப் பார்த்து மொத்த அனுபவத்தோடு இடிக்கிறதே என்று கேட்கப் போவதில்லை. வார இறுதியில் விளையாட்டாகச் செய்துபார்த்ததைச் சேர்க்காதீர்கள், கேட்டால் தனியாகச் சொல்லுங்கள்.

அப்புறம் முழு எண்ணாகச் சொல்லுங்கள். "ரெண்டு ரெண்டரை இருக்கும்" என்றால் கட்டத்தில் 2 விழும், ஜே.டி.யில் 3 கேட்டிருந்தால் அதோடு சரி. எனக்கு இரண்டு வருஷம் ஒன்பது மாதம் இருந்த ஒரு விஷயத்துக்கு, "ஜூலை வந்தால் மூன்று முடியும், மூன்று என்றே போட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்டுப் போடச் சொன்னேன். போட்டார்.

சில சமயம் அந்த டெக்னாலஜி பிறந்தே அத்தனை வருஷம் ஆகியிருக்காது. பைத்தான் மொழியில் வெப் சர்வீஸ் எழுத உதவும் ஃபாஸ்ட்ஏபிஐ முதலில் வெளியானது 2018 டிசம்பரில். அதை உருவாக்கிய செபாஸ்டியன் ராமிரெஸ், நான்கு வருஷத்துக்கு மேல் ஃபாஸ்ட்ஏபிஐ அனுபவம் கேட்ட ஒரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, அதைச் செய்தவனான எனக்கே ஒன்றரை வருஷம்தான் இருக்கிறது, விண்ணப்பிக்க முடியவில்லை என்று 2020இல் ட்விட்டரில் எழுதினார். படித்துச் சிரித்தாயிற்றா? சரி. ஆனால் போனில் சிரிக்காதீர்கள், அந்த ஜே.டி.யை எழுதியவர் உங்களோடு பேசுபவராக இருக்க மாட்டார். "அது வந்தே இத்தனை வருஷம்தான், அது வந்த புதிதிலிருந்தே நான் பயன்படுத்துகிறேன். பைத்தான் ஏழு வருஷம். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்" என்றால் அவருக்கும் எழுத ஏதாவது கிடைக்கும்.

படி 3: சம்பளமும் நோட்டீஸும்

சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். சி.டி.சி. வேறு, கைக்கு வருவது வேறு. கம்பெனி போடும் பி.எஃப். பங்கு, கிராஜுவிட்டிக்கு ஒதுக்கும் அடிப்படைச் சம்பளத்தின் 4.81 சதவீதம் எல்லாம் பெரும்பாலும் சி.டி.சி.க்குள் இருக்கும். அவர் சி.டி.சி. கேட்கும்போது நீங்கள் கைக்கு வருவதைப் பன்னிரண்டால் பெருக்கிச் சொன்னால் நஷ்டம் உங்களுக்குத்தான். நோட்டீஸுக்கு "நெகோஷியபிள்" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். "90 நாள், நான் இன்னும் ராஜினாமா செய்யவில்லை" என்று சொன்னால் போதும்.

படி 4: போனை வைத்ததும் ஒரு மெயில்

அவர் அப்படியே காப்பி செய்து ஹைரிங் மேனேஜருக்கு அனுப்பும்படி ஐந்து வரி, ஒவ்வொரு வரியிலும் ஜே.டி.யின் சொல், வருஷம், எங்கே பயன்படுத்தினேன் என்பது. உதாரணம்: குபர்னெட்டிஸ், 3 வருஷம், அமேசான் ஈ.கே.எஸ். வழியாக, நாற்பது சர்வீஸ்கள். நான் பதினைந்து நிமிஷம் விளக்கியும் போய்ச் சேராதது இந்த ஒரு வரியில் போய்ச் சேர்ந்துவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், மறுநாளே நூறு பேருக்குக் கீழே புதைந்துவிடும்.

ரெஸ்யூமேயை இணைக்கும் முன்னால் பி.டி.எஃப்.இல் எல்லாவற்றையும் செலக்ட் செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். நான் லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் அழகாக இரண்டு பத்தியாக வைத்திருந்தேன். ஒட்டிப் பார்த்தால் இடதுபக்க வரியும் வலதுபக்க வரியும் மாறி மாறிப் பின்னிக்கொண்டு, எஃப்பும் ஐயும் ஒட்டி வருகிற சொற்களிலெல்லாம் நடுவில் ஓட்டை. ரெக்ரூட்டரின் தேடலில் நான் ஏன் அகப்படவே இல்லை என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. இப்போது கூகுள் டாக்ஸில் ஒற்றைப் பத்தி. லேடெக் ரசிகர்கள் மன்னிக்கவும்.

பின்சேர்க்கை 1: இதைப் படித்துவிட்டு மாரத்தஹள்ளியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். நான் சொன்னபடி குபர்னெட்டிஸ் என்றே சொல்லி ரெக்ரூட்டரைத் தாண்டிவிட்டார், டெக்னிக்கல் ரவுண்டில், கன்ட்ரோல் பிளேனின் தகவல் கிடங்கான எட்சிடியை எப்படி பேக்கப் எடுப்பாய் என்று கேட்டு மடக்கிவிட்டார்களாம். தப்பு என்னுடையதுதான், இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ரெக்ரூட்டரிடம் பொதுப்பெயர் முதலில். இன்ஜினியரிடம் நேர் எதிர், முதல் வரியிலேயே "ஈ.கே.எஸ்.தான், கன்ட்ரோல் பிளேனை நான் நடத்தியதில்லை" என்று சொல்லிவிட வேண்டும். ரெஸ்யூமேயில் இரண்டு பெயரும் ஒரே வரியில் இருக்கட்டும்.

பின்சேர்க்கை 2: கன்சல்டன்சியிலிருந்து கூப்பிட்டால் எந்தக் கம்பெனிக்கு என்று கேட்டுவிட்டுத்தான் ரெஸ்யூமே அனுப்ப வேண்டும். ஒரே வேலைக்கு இரண்டு ஏஜென்சி வழியாகப் பெயர் போனால் யார் அனுப்பிய ஆள் என்று அவர்களுக்குள் இழுபறி வரும், அந்தத் தலைவலி எதற்கு என்று கம்பெனி நம்மை ஓரங்கட்டிவிடும். அப்புறம், நொய்டாவிலிருந்து கூப்பிட்டு ஹிந்தியில் ஆரம்பிப்பவர்களிடம் புரிந்த மாதிரி "ஹான் ஜி" போடாதீர்கள். என் ரூம்மேட் அப்படிப் போட்டதில் நைட் ஷிஃப்டுக்குச் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள், ஆஃபர் லெட்டர் வந்தபிறகுதான் அவனுக்கே தெரிந்தது.