வங்கி இருப்பு முழுவதும் உங்கள் பணம் அல்ல: சிறு தொழில் கணக்கிலும் வரியிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறு தொழில் நடத்துவோரிடம் இந்த மாதம் இலாபம் எவ்வளவு என்று கேட்டால், பலர் வங்கிக் கணக்கின் இருப்பைப் பார்த்துவிட்டே பதில் சொல்கிறார்கள். அந்த இருப்புக்குள் அரசுக்குச் சேர வேண்டிய வரி இருக்கலாம். சரக்கு தந்தவருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி இருக்கலாம். இன்னும் செய்து முடிக்காத வேலைக்காக வாடிக்கையாளர் கொடுத்த முன்பணமும் இருக்கலாம். கணக்கிலும் வரியிலும் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை, எது யாருடைய பணம் என்று பிரித்து வைக்காமல் விடுவதில்தான் தொடங்குகின்றன.

முதலில் பிரிக்க வேண்டியது உரிமையாளரின் பணத்தையும் தொழிலின் பணத்தையும். கணக்குப்பதிவியலில் இதை வணிகத் தனித்தன்மை என்பார்கள். தனி ஒருவர் நடத்தும் தொழிலில் உரிமையாளர் வீட்டுச் செலவுக்காகக் கல்லாவிலிருந்து எடுக்கும் பணம் தொழிலின் செலவு அல்ல. அது எடுப்பு, அதாவது அவர் போட்ட மூலதனத்தில் ஏற்படும் குறைவு. இதன் மறுபக்கத்தைப் பலரும் கவனிப்பதில்லை. பண நெருக்கடியில் தம் சேமிப்பிலிருந்து தொழிலுக்குள் போட்ட தொகையைப் பதிவு செய்யாமல் விட்டுவிட்டால், பிற்பாடு கணக்கைச் சரிபார்க்கும் அதிகாரி அதைக் காட்டப்படாத விற்பனை என்று கருத இடமுண்டு. தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்திருப்பது இந்தச் சிக்கலில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும். வீட்டுக்கும் தொழிலுக்கும் பொதுவாகப் பயன்படும் வாகனம், தொலைபேசி போன்றவற்றில் தொழிலின் பங்கு எவ்வளவு என்பதை அந்தந்த நேரத்திலேயே குறித்து வைக்க வேண்டும். ஆண்டு முடிவில் ஒரே மூச்சில் எழுதிய பயணக் குறிப்பேட்டை அதன் மையே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து, வாடிக்கையாளரிடம் வசூலிக்கும் வரி. 1954-இல் பிரான்சில் அறிமுகமான மதிப்புக் கூட்டு வரி, இன்று 170-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏதேனும் ஒரு பெயரில் நடைமுறையில் உள்ளது. வரி விகிதம் 20 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 600-க்கு ஒரு பொருளை வாங்கும்போது வரியுடன் 720 கொடுக்கிறீர்கள். அதை 1,000-க்கு விற்று வரியுடன் 1,200 பெறுகிறீர்கள். கையில் மிஞ்சுவது 480. ஆனால் நீங்கள் வசூலித்த வரி 200, கொள்முதலில் ஏற்கெனவே கட்டிய வரி 120. இவ்விரண்டின் வித்தியாசமாகிய 80 அரசுக்குரியது. ஆகவே உங்கள் மொத்த இலாபம் 400 மட்டுமே. அந்த 80-ஐ விற்பனை நடந்த வாரமே வேறொரு கணக்குக்கு மாற்றிவிடுபவர்களுக்கு வரி கட்டும் தேதி ஒரு சாதாரண நாளாகக் கடந்துபோகிறது. மாற்றாதவர்கள் அதையும் நடைமுறை முதலாக, அதாவது அன்றாடத் தொழிலை ஓட்டும் பணமாகச் சுழற்றிவிட்டுக் கடைசி வாரத்தில் கடன் தேடுகிறார்கள்.

இதே இடத்தில் ஒரு கணிதப் பிழையும் அடிக்கடி நேர்கிறது. வரி உட்பட 1,200 என்று விலை சொன்ன பொருளில் வரியைப் பிரிக்கும்போது, 1,200-இல் 20 விழுக்காடு என்று 240-ஐ ஒதுக்குகிறார்கள். வரி கணக்கிடப்படுவது 1,000-இன் மீது என்பதால் சரியான தொகை 200. மேலும், பல நாடுகளில் பில் போட்ட தேதியிலேயே வரிப் பொறுப்பு ஏற்பட்டுவிடுகிறது. கடனுக்கு விற்றுவிட்டுப் பணம் வராமல் காத்திருப்பவர் வரியைத் தம் கையிலிருந்து கட்ட நேரிடும். வாடிக்கையாளருக்குத் தரும் தவணை நாட்களை முடிவு செய்யும்போது இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடன் தவணை விஷயத்தில் குழப்பம் இதைவிட எளிமையானது. மாதம் 10,000 தவணை கட்டுகிறீர்கள், அதில் 7,000 அசல், 3,000 வட்டி என்றால், செலவாவது வட்டி மட்டுமே. கடனாகப் பெற்ற தொகை வருமானம் அல்ல, அதைத் திருப்பித் தருவது செலவும் அல்ல. அதுபோலவே, ஐந்தாண்டு உழைக்கக்கூடிய 1,00,000 மதிப்புள்ள இயந்திரம் முதலினச் செலவு, அதாவது ஒரே ஆண்டில் முழுவதும் கழிக்காமல் அது உழைக்கும் ஆண்டுகளுக்குப் பகிர்ந்து எழுத வேண்டிய செலவு. நேர்கோட்டு முறையில், அதாவது ஒவ்வோர் ஆண்டும் சம அளவாக, ஆண்டுக்கு 20,000 வீதம் தேய்மானமாக எழுதப்படும். வரிச் சட்டம் ஏற்கும் தேய்மான விகிதம் வேறாக இருக்கக்கூடும் என்பதால், கணக்குப் புத்தகத்தின் இலாபமும் வரிக்குரிய இலாபமும் ஒன்றாக இல்லாவிட்டால் பதற வேண்டியதில்லை.

சரக்கிருப்பைத்தான் நான் மிக ஆபத்தான இடமாகக் கருதுகிறேன், ஏனெனில் அங்கே தவறு நடந்தது யாருக்கும் தெரிவதில்லை. தொடக்க இருப்பு 50,000, ஆண்டின் கொள்முதல் 3,00,000, இறுதி இருப்பு 80,000 என்றால் விற்ற சரக்கின் அடக்கவிலை 2,70,000. இறுதி இருப்பை எண்ணாமல் குத்துமதிப்பாக 50,000 என்று எழுதினால், இந்த ஆண்டின் இலாபம் 30,000 குறைந்துவிடும். இந்த இறுதி இருப்பே அடுத்த ஆண்டின் தொடக்க இருப்பாவதால், அடுத்த ஆண்டின் இலாபம் அதே அளவு வீங்கும். ஒரே பிழை இரண்டு ஆண்டுகளின் வரியைக் கெடுக்கிறது. ஆகவே ஆண்டின் கடைசி நாளில் சரக்கைக் கையால் எண்ண வேண்டும். அடக்கவிலை, விற்றால் கிடைக்கக்கூடிய நிகர விலை ஆகிய இரண்டில் எது குறைவோ அதில் மதிப்பிட வேண்டும். விற்பனை விலையில் மதிப்பிடுவது, இன்னும் விற்காத பொருளுக்கு இலாபம் காட்டுவதாகும்.

வங்கி தரும் கணக்கையும் நம் புத்தகத்தையும் ஒப்பிடும் வங்கிச் சரிகட்டும் பட்டியலை மாதந்தோறும் தயாரிக்காமல் ஆண்டு இறுதிக்குத் தள்ளிப்போடுவதும் வழக்கமான தவறுதான். பன்னிரண்டு மாதப் பதிவுகளுக்கிடையே ஒரு வித்தியாசத்தைத் தேடுவது கொடுமை. தேடும்போது ஒரு பழைய உத்தி உதவும்: வித்தியாசத் தொகை 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்புண்டு. 5,400-ஐ 4,500 என்று எழுதினால் வரும் வித்தியாசம் 900. எல்லாக் கணக்குகளின் இருப்பையும் பற்று, வரவு என இரு பக்கமாகத் தொகுக்கும் இருப்பாய்வில் பற்றுக்கும் வரவுக்கும் வித்தியாசம் வந்தால், அதன் சரிபாதித் தொகை ஏதேனும் பக்கம் மாறிப் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

ரசீதுகளைப் பற்றி ஒரு சிறு குறிப்பு: வெப்பத் தாளில் அச்சாகும் பில்கள் வெயிலிலும் சூட்டிலும் மங்கி, சில ஆண்டுகளில் வெறும் தாளாகிவிடும். வாங்கிய அன்றே படமெடுத்துச் சேமித்துவிடுங்கள்.

ஆண்டு முடிவு நெருங்கும்போது "வரி குறையும்" என்ற ஒரே காரணத்துக்காகத் தேவையற்ற பொருள்களை வாங்குவோரும் உண்டு. வருமான வரி 25 விழுக்காடு என்றால், 100 செலவழித்து 25 மிச்சப்படுத்துகிறீர்கள். மீதி 75 கையை விட்டுப் போகிறது. எப்படியும் வாங்கவிருந்த பொருளைச் சற்று முன்னதாக வாங்குவதற்கு மட்டுமே இந்தக் கணக்கு பொருந்தும்.

கட்டப் பணமில்லை என்பதால் வரி அறிக்கையையே தாக்கல் செய்யாமல் விடுவது, ஒரு சிக்கலை இரண்டாக்கும் செயல். தாமதமாகத் தாக்கல் செய்வதற்கும் தாமதமாகக் கட்டுவதற்கும் தனித்தனி அபராதம் விதிக்கும் நாடுகள் பல. அறிக்கையை உரிய நாளில் தாக்கல் செய்துவிட்டு, தவணையில் கட்ட வழியுண்டா என்று வரித் துறையிடம் கேட்பதே மேல்.

கணக்காளரிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டாலும், அறிக்கையில் உள்ள எண்களுக்குப் பொறுப்பு பொதுவாக உரிமையாளரைத்தான் சேரும். ஆகவே கையெழுத்திடும் முன், அறிக்கையில் காட்டப்பட்ட விற்பனையையும் பேரேட்டில், அதாவது உங்கள் முதன்மைக் கணக்குப் புத்தகத்தில் உள்ள விற்பனையையும் வங்கியில் வந்த வரவுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வசூலித்த வரி, பெற்ற கடன், நீங்களே போட்ட முதல், இன்னும் வராத பாக்கி ஆகியவற்றால் இம்மூன்றும் வேறுபடுவது இயல்பு. வேறுபாட்டின் ஒவ்வொரு பகுதிக்குமான காரணத்தை ஒரு தாளில் எழுதி, அந்த ஆண்டின் கோப்பிலேயே வைத்துவிடுங்கள்.