ரோமில் தண்ணீருக்குக் காசு செலவழிக்க வேண்டாம்

ரோம் நகரின் தெர்மினி ரயில் நிலையத்திலிருந்து முதுகுப்பையோடு வெளியே வந்ததும் முதலில் உறைப்பது கோடை வெயிலும் கருங்கல் பாவிய தெருக்களும்தான். அந்தக் கற்களின் மேல் சக்கரப் பெட்டியைக் கடகடவென்று இழுத்துச் செல்பவர்களைப் பார்த்தபோது, தோள் வலித்தாலும் பையே மேல் என்று தோன்றியது. குடிநீருக்கு வெற்றுப் புட்டி ஒன்று கையில் இருந்தால் போதும். 1870களிலிருந்து நிறுவப்பட்டுவரும் 'நசோனி' என்னும் தெருக்குழாய்கள் நகரெங்கும் 2,000-க்கும் மேல் நிற்கின்றன. 'பெரிய மூக்கு' என்று பொருள்படும் பெயருக்கேற்ப வளைந்திருக்கும் குழாயின் முனையை விரலால் அடைத்தால், மேலுள்ள சிறு துளை வழியாகக் குளிர்ந்த நீர் வில்லாக எழும்பும், அதிகம் குனியாமலேயே குடித்துவிடலாம். நீர் ஓயாமல் கொட்டுவதைக் கண்டு, யாரோ மூடாமல் போய்விட்டார்கள் என்று நான் வெகுநேரம் திருகைத் தேடினேன்; அதற்குத் திருகே கிடையாது.

காப்பிக் கடைகளில் நின்றபடி குடித்தால் விலை குறைவு, மேசையில் அமர்ந்தால் பெரும்பாலும் கூடும். களைப்பில், நகரின் புகழ்பெற்ற பழைய கற்படிகளான ஸ்பானியப் படிக்கட்டில் மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள்; 2019 முதல் அங்கே அமர்ந்தால் அபராதம் விதிக்கிறார்கள்.