செம்மொழிப் பூங்காவைப் பார்க்கும் முறை

சென்னை ஜெமினி மேம்பாலத்தின் அருகே, கதீட்ரல் சாலையில் ஏறத்தாழ 20 ஏக்கர் பரப்பில் விரிந்துள்ள செம்மொழிப் பூங்காவை, அதன் பழைய கதையைத் தெரிந்துகொண்டு பார்ப்பதே நல்லது. இந்த நிலத்தில் 1962 முதல் 2008 வரை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம் இருந்தது. மரநிழலில் நிறுத்திய காருக்குள் அமர்ந்தபடியே தோசையும் காபியும் வரவழைத்துச் சாப்பிட்ட நாள்களை, இங்கு நடக்க வரும் முதியவர்கள் இன்றும் சொல்லக் கேட்கலாம். உணவகம் மூடப்பட்ட பிறகு, தோட்டக்கலைத் துறை இவ்விடத்தைத் தாவரவியல் பூங்காவாக உருவாக்கியது. கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த 2010ஆம் ஆண்டிலேயே, நவம்பர் 24 அன்று, பூங்கா திறக்கப்பட்டது. பெயரும் அந்த மாநாட்டின் நினைவாக வைக்கப்பட்டதே.

மெட்ரோவில் வருபவர்கள் ஆயிரம் விளக்கு அல்லது ஏஜி-டிஎம்எஸ் நிலையத்தில் இறங்கி, அண்ணா சாலை வழியாக நடந்து வரலாம். நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். புகைப்படக் கருவிக்குத் தனிக் கட்டணம் உண்டு. நேரமும் கட்டணமும் அவ்வப்போது மாறக்கூடியவை என்பதால் புறப்படும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாள்களின் மாலையில் கூட்டம் மிகுதி. செடிகளை நின்று பார்க்க விரும்புபவர்களுக்கு வார நாளே ஏற்றது.

உள்ளே நுழைந்ததும் பலர் பூப்பாத்திகளின் பக்கமே போய்விடுகிறார்கள். நான் முதலில் பெருமரங்களிடம் போகச் சொல்வேன். பூச்செடிகளைப் பருவத்துக்கு ஒரு முறை மாற்றி நட்டுவிடலாம். ஒரு முதிர்ந்த மரத்தின் நிழலை எந்தத் துறையாலும் ஓராண்டில் வளர்த்துத் தர இயலாது, ஆகவே இந்தப் பூங்காவின் உண்மையான செல்வம் அவைதான் என்பது என் உறுதியான எண்ணம். அதன்பின் மூலிகைத் தோட்டம், வண்ணத்துப்பூச்சித் தோட்டம், போன்சாய் எனப்படும் குறுமரங்கள், நீர்த்தாவரக் குளம் என நிதானமாகச் சுற்றி வரலாம். குழந்தைகளுடன் வந்தால், செடிகளின் அருகிலுள்ள பெயர்ப்பலகைகளை அவர்களைக் கொண்டே வாசிக்கச் செய்யுங்கள்.

2025 ஜனவரியில் இங்கு மலர்க் கண்காட்சி நடைபெற்றது. அத்தகைய நாள்களில் வருபவர்கள் காரைத் தவிர்ப்பது நலம். சாலையின் எதிர்ப்புறம், 2024 அக்டோபரில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா இருக்கிறது. கம்பிவழிச் சறுக்குப் பயணம், கண்ணாடி மாளிகை, பறவையகம் ஆகியவை அங்கே உள்ளன. அதற்கு நுழைவுச்சீட்டு தனி.